பாசம் இல்லாமலா குடிக்கிறார்?



கொக்கிளாய்க் களப்புக் கரையில் இறால் தெரிந்துகொண்டிருந்த ஒரு காலையில் பக்கத்து வீட்டுத் தங்கச்சி அழுதபடி வந்தாள். "அக்கா, சீட்டுக் காசையும் எடுத்துக்கொண்டு போட்டார். எங்களிலை ஒரு துளி பாசம் இருந்தால் இப்பிடிக் குடிப்பாரோ?" என்று கேட்டாள்.

இந்தக் கேள்வியை என் தம்பியைப் பற்றி நானும் அம்மாவும் பல வருடங்கள் கேட்டிருக்கிறோம். 1984 டிசம்பரில் ஊரே இடம்பெயர்ந்தபோது அவன் கைக்குழந்தை. 2009 இல் முகாமுக்கு வந்தபோது அவனுடைய மனைவியும் மகனும் உயிரோடு இல்லை. பின்னர் ஊருக்குத் திரும்பி வலையைப் பிடித்தவன் கசிப்பையும் பிடித்துக்கொண்டான். ஏசினோம், நேர்த்தி வைத்தோம், சத்தியம் வாங்கினோம். சத்தியம் இரண்டு நாள்தான் நின்றது.

ஏன் நிற்கவில்லை? 1954 இல் கனடாவில் ஓல்ட்ஸ், மில்னர் என்ற இரு ஆய்வாளர்கள் எலியின் மூளையில் ஓரிடத்தில் மெல்லிய கம்பியைப் பொருத்தினார்கள். ஒரு கட்டையை அழுத்தினால் அந்த இடத்துக்குச் சிறிது மின்சாரம் பாயும். எலி அதை மணிக்கு நூற்றுக்கணக்கான தடவை அழுத்தியது. அந்தப் பாதை நமது மூளையிலும் உண்டு. அதில் வேலை செய்யும் முக்கிய இரசாயனம் டோபமின். "இது நல்லது, திரும்பச் செய்" என்று நம்மைத் தூண்டுவது அதுதான். தண்ணீரில் மீன்கூட்டம் அசைவதைக் கண்டதும், ஒரு மீன்கூடப் படுமுன்னரே வலைகாரன் கை துடிக்கிறதல்லவா? அந்தத் துடிப்பு அதன் வேலை.

மதுவும் இந்தப் பாதையைத் தூண்டும். தினமும் தூண்டினால் மூளை தன்னைக் காத்துக்கொள்ள டோபமினை ஏற்கும் வாசல்களைக் குறைத்துவிடும். கடும் உறைப்புக்குப் பழகிய நாக்குக்குக் கஞ்சி சப்பென்று இருப்பதுபோல, பிள்ளையின் சிரிப்பும் நல்ல சாப்பாடும் அவருக்கு உறைக்காது. ஆனால் போத்திலை, கூட்டாளியை, அந்த மாலை நேரத்தைக் கண்டவுடன் ஆசை மட்டும் பொங்கி எழும். பாசம் செத்துப் போகவில்லை. அது போகும் பாதை அடைபட்டிருக்கிறது.

சகோதரிகளே, மனச்சோர்விலும் இந்தப் பாதை மங்கிப்போகலாம். முகாமிலிருந்து வந்த பின்னர் எனக்குத் தலை வாரவும் மனம் வரவில்லை. கோயில் திருவிழா மேளம் கேட்டும் எழும்பவில்லை. "சோம்பல்" என்றார்கள். அது நோய் என்று வைத்தியர் சொல்லித்தான் தெரிந்தது. நம் துயரம் வெறும் இரசாயனம் என்று நான் சொல்லவில்லை. இழப்பும் வறுமையும் பயமும் உண்மையானவை. அவை உடலிலும் தங்கிவிடுகின்றன, அதனால் உடலுக்கும் வைத்தியம் வேண்டும். துயரத்துக்குக் குடிப்பதும், குடித்ததால் துயரம் கூடுவதும் ஒரே சுழி.

கவனிக்க வேண்டியவை:

• நெடுங்காலம் கடுமையாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் சில நாட்களில் கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம். உயிருக்கும் ஆபத்து. வைத்தியசாலையில் வைத்தே நிறுத்துவியுங்கள்.

• குடியை நிறுத்தும் குளிசையை அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலக்காதீர்கள். அதன்மேல் அவர் குடித்தால் உயிர் போகலாம்.

• மனச்சோர்வுக் குளிசை பலன் தர இரண்டு முதல் நான்கு வாரமாவது எடுக்கும். இடையில் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

• மனம் வரட்டும் என்று காத்திராமல் தினமும் ஒரு சிறு வேலை செய்யுங்கள். நான் நாலு கத்தரிக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றித்தான் தொடங்கினேன்.

• அவர் அடித்தால், நோய் அதற்குச் சாட்டு அல்ல. முதலில் நீங்களும் பிள்ளைகளும் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. மனநல உதவிக்கு 1926.

தம்பி வைத்தியசாலைக்குப் போய் வந்த பின்னரும் இரண்டு தடவை வழுக்கினான். ஒவ்வொரு தடவையும் திரும்பக் கூட்டிச் சென்றோம். இப்போது கூட்டாளிகள் கூடும் பாதையை விட்டு, சுற்றுப் பாதையால் வாடிக்குப் போகிறான். போன பொங்கலுக்கு என் மகளுக்குப் பட்டம் கட்டிக் கொடுத்தான். அது ஏறியபோது தானும் சிரித்தான்.

தங்கச்சியிடம் இதையெல்லாம் சொன்னேன். "அவர் வரமாட்டன் எண்டால்?" என்று கேட்டாள். "முதலிலை நீ வா" என்றேன். அடுத்த கிளினிக் நாளில் நாங்கள் இருவரும் ஒரே பஸ்ஸில் போனோம்.