படபடப்பு இருந்தா மறைக்காதீங்க தம்பி



கோயில் தொண்டுக்கு வர்ற இளைஞர் ஒருத்தருக்குக் கொஞ்ச நாளா நெஞ்சு திடீர்னு படபடன்னு அடிக்குதாம், நடுவுல ஒரு துடிப்பு விட்டுப் போற மாதிரியும் இருக்காம். பேர் வேண்டாம். டெஸ்ட் எடுக்கலாமா வேண்டாமான்னு இன்னும் யோசிக்கிறார். ஏதாவது இருக்குன்னு சொல்லிட்டா காவடி எடுக்க முடியாதே, வேலை மெடிக்கல்ல பாஸாகுமா, நாளைக்குப் பொண்ணு கொடுப்பாங்களான்னு பயம். நம்ம பெரியவங்களும் "வயசுப் பிள்ளைக்கு என்ன வரப்போகுது, கண்ணு பட்டிருக்கும்"னு சொல்லி விட்டுடுறாங்க.

எங்க கருத்து ஒன்னுதான்: தைப்பூசத்துக்கு முன்னாடியே போய்ப் பார்த்துடணும்.

இளவயசுல வர்ற படபடப்பு பெரும்பாலும் ஆபத்தில்லை. தூக்கம் கெட்ட நைட் ஷிப்ட், எனர்ஜி டிரிங்க், ரத்தச்சோகை, தைராய்டு என்று காரணம் பல இருக்கும். ஆனால் அதை நாமளே முடிவு பண்ணக்கூடாது. ஓடும்போதோ பாரம் தூக்கும்போதோ மயக்கம் வந்தாலும், குடும்பத்துல யாராவது சின்ன வயசுல திடீர்னு தவறியிருந்தாலும் ஒரு நாள் கூடத் தள்ளிப்போடக் கூடாது.

அரசாங்க கிளினிக்ல குடிமக்களுக்கு 1 வெள்ளிதான். இசிஜிக்கு ஊசி கிடையாது, வலி கிடையாது, சில நிமிஷ வேலை. ஆனால் படபடப்பு வந்து வந்து போற விஷயம். அது இல்லாத நேரத்துல எடுத்த இசிஜி நல்லா இருந்தா விஷயம் முடிஞ்சதுன்னு அர்த்தமில்லை. எப்போ வருது, எவ்வளவு நேரம் இருக்குன்னு எழுதி வெச்சு டாக்டர்கிட்ட காட்டுங்க. தேவைப்பட்டா ஹோல்டர் என்ற கருவியை 24 மணி நேரம் உடம்புல மாட்டிப் பார்ப்பாங்க.

கண்டுபிடிச்சா வாழ்க்கை முடிஞ்சதா? பந்து பார்க்கிற பிள்ளைங்களுக்கு டென்மார்க் எரிக்சனைத் தெரியும். 12.6.2021 அன்று ஐரோப்பியக் கிண்ண ஆட்டத்தில் இதயம் நின்று திடலிலேயே விழுந்தார், வயசு 29. நெஞ்சில் கருவி வெச்சாங்க. 2022-ல் மறுபடி ஆட வந்தார், 2024 ஐரோப்பியக் கிண்ணத்தில் கோலும் அடிச்சார். எல்லாருக்கும் அப்படி அமையும்னு சொல்ல வரலை. தெரிஞ்ச நோய்க்குத்தான் வைத்தியம் பார்க்க முடியும்.

காவடி வேண்டாம்னு டாக்டர் சொன்னா, தண்ணீர்ப் பந்தல்ல நின்னு சேவை செய்யலாம். முருகன் அதையும் ஏத்துக்குவார். மயங்கி விழுந்த பிள்ளை தோளில், டாக்டர் பார்க்காம காவடி ஏத்தி விடுறது பக்தி ஆகாது.

தனியா போகத் தயக்கமா இருந்தா எங்களுக்குச் சொல்லுங்க தம்பி. ஒருத்தர் கூட வர்றோம், வெளியில பேச மாட்டோம்.