ஊழியமும் வேலையும்

மே மாதம் வந்தால் கொடைக்கானலில் சீசன். சமவெளியிலிருந்து சபைகள் பஸ் பிடித்துத் தியான முகாமுக்கு வருவார்கள். அப்படி முகாம் நடக்கும் விடுதி ஒன்றில் என் அம்மா இருபது வருடம் சமைத்தார். லீவில் நானும் வெங்காயம் உரிக்கப் போவேன். ஒருநாள் கூடத்தில் மார்த்தாள், மரியாள் கதை. அடுப்படியிலேயே கிடந்த மார்த்தாளைப் போல இருக்காதீர்கள், மரியாளைப் போல ஆண்டவரின் பாதத்தில் அமருங்கள் என்று போதகர் உருகினார். முடித்த கையோடு சமையலறை வாசலுக்கு வந்து, "சாப்பாடு ரெடியாம்மா?" என்று கேட்டார். அம்மா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

லூக்கா 10இல் மார்த்தாள் செய்ததை, எங்கள் சபைகளில் வாசிக்கும் தமிழ் வேதாகமம் 'வேலை' என்கிறது. மூலக் கிரேக்கத்தில் அது 'தியாகோனியா'. அதே சொல் அப்போஸ்தலர் 6இல் வசனம் போதிக்கும் ஆண்களுக்கு வரும்போது 'ஊழியம்' ஆகிவிடுகிறது. ரோமர் 16இல் பெபேயாளை 'ஊழியக்காரி' என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள், உண்மைதான். பவுல் தன்னைச் சொல்லிக்கொள்வதும் அதே கிரேக்கச் சொல்லால்தான். ஆனால் இன்று ஊழியக்காரர் என்றால் மைக், சால்வை, முன்வரிசை நாற்காலி. ஊழியக்காரி என்று சொல்லிப் பாருங்கள், யார் நினைவுக்கு வருகிறார்கள்?

வசனத்தை மீறச் சொல்கிறாயா என்பார்கள். இல்லை, முழுதாக வாசிக்கச் சொல்கிறேன். சபையில் பெண் பேசக்கூடாது என்பதற்கு 1 கொரிந்தியர் 14ஐக் காட்டுகிறார்கள். மூன்று அதிகாரம் முன்னால், 11இல், ஜெபிக்கும்போதும் தீர்க்கதரிசனம் சொல்லும்போதும் பெண் தலையை மூட வேண்டும் என்கிறார் பவுல். அப்படியானால் பெண்கள் சபையில் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்தார்கள். நாம் முக்காட்டை மட்டும் வைத்துக்கொண்டு பேச்சைத் தூக்கிப் போட்டுவிட்டோம்.

வேலூர் மருத்துவமனையை உருவாக்கிய ஐடா ஸ்கடர் கடைசிக் காலத்தில் வாழ்ந்ததும் 1960இல் இறந்ததும் எங்கள் கொடைக்கானலில்தான். பெண்கள் ஞாயிறு வந்தால் அவரைத் தியாகத்துக்கு உதாரணம் காட்டுவார்கள். அந்தக் கதையில் திண்டிவனத்தில் ஒரே இரவில் பிரசவத்தில் செத்த மூன்று பெண்கள் இருக்கிறார்கள். ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்று முடிவெடுத்தவர்கள் அவர்களின் கணவர்கள். பிரசங்கத்தில் கணவர்கள் காணாமல்போய், கீழ்ப்படிதல் மட்டும் மிஞ்சும். ஐடா ஜெபித்ததோடு நிற்கவில்லை. மருத்துவம் படித்துத் திரும்பி, 1918இல் பெண்களுக்கென்றே ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். முடிவெடுக்கும் அறிவைப் பெண்கள் கையில் கொடுத்தார்.

எங்கள் சபைகள் அந்த வேகத்தில் நடக்கவில்லை. 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையில் ஒரு பெண் குருவானவராகப் பல வருடங்கள் ஆயின. முதல் பெண் பேராயர் புஷ்பலலிதா 2013இல்தான் நந்தியாலில் வந்தார். கத்தோலிக்கப் பலிபீடத்தில் இன்றும் பெண் குரு இல்லை. கேட்டால் பதவி ஆசை என்கிறார்கள். யோவான் 11இல், இயேசுவைக் கிறிஸ்து, தேவகுமாரன் என்று அறிக்கையிட்டவள் அதே மார்த்தாள். மத்தேயு 16இல் அந்த அறிக்கையைச் செய்த பேதுருவின் கையில் திறவுகோலைப் பார்க்கிறோம், மார்த்தாளின் கையில் கரண்டியை மட்டும் பார்க்கிறோம்.

இப்போது அம்மாவுக்கு மூட்டுவலி. வேலையை விட்டபோது ஒரு சால்வைகூட இல்லை, பணிக்கொடையும் இல்லை. நான் போய்க் கேட்டேன். "அவங்க செஞ்சது ஊழியம்மா, ஆண்டவர் பலன் கொடுப்பார்" என்றார் பொறுப்பாளர். இருபது வருடத்தில் அன்றுதான் முதல்முறையாக அம்மா செய்தது ஊழியம் ஆனது. மரியாதை தரவேண்டிய இடத்தில் வேலை, கூலி தரவேண்டிய இடத்தில் ஊழியம்!

வேலை என்றால் கூலியும் பணிக்கொடையும் கொடுங்கள். ஊழியம் என்றால் பிரசங்க பீடத்தையும் கமிட்டியில் ஓட்டையும் கொடுங்கள். எங்களைக் கேட்டால் இரண்டும் வேண்டும். அடுத்த மே மாதம் மார்த்தாளைப் பற்றிப் பேசப்போகிறவர், முதலில் சமையலறைப் பெண்களைக் கூடத்தில் உட்காரவைத்துவிட்டுத் தொடங்கட்டும். அன்றைய சோற்றை யார் வடிப்பது என்பதை அவரே யோசிக்கட்டும்.