மாருதிக்கு மூச்சுப் பயிற்சி

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் ஆர்.கே.பேட்டை வாசகர் ஒருவர் (பெயர் வேண்டாமாம், அப்பாவும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறாராம்) கேட்டிருக்கிறார்: 'போனஸ் வந்திருக்கு ஸார். பழைய எம்.பி.எஃப்.ஐ. ஸென் வெச்சிருக்கேன். டர்போ கிட் மாட்டலாம்னு ஆசை. என்னென்ன ரெடி பண்ணணும்?'

முதலில் அப்பாவை ரெடி பண்ண வேண்டும். அது என் சப்ஜெக்ட் இல்லை. எஞ்சினுக்கு வருவோம்.

சாதா எஞ்சின் காற்றைத் தானே உறிஞ்சிக்கொள்கிறது. டர்போ வந்தால் ஊதிக் கொடுக்கிறது. ஸைலன்ஸர் வழியாக வீணாகப் போகும் சூடான புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றும். அதே அச்சின் மறுமுனையில் இன்னொரு சக்கரம் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும். அவ்வளவுதான் சங்கதி. 1905-ல் இதற்கு பேடன்ட் வாங்கிய ஸ்விஸ் இன்ஜினீயரின் பெயரைப் பார்த்தபடி எழுதினால் ஆல்ஃபிரட் பூச்சி. சிரிப்பீர்கள், பியூக்கி என்று வைத்துக்கொள்வோம்.

டயருக்குக் காற்றடிக்கும் கணக்கில் ஆறு பாயிண்ட் அழுத்தம் கொடுத்தாலே கிட்டத்தட்ட நாற்பது சதவீதம் கூடுதல் காற்று உள்ளே போகும். கேட்கும்போதே ஜிவ்வென்று இருக்கிறது இல்லையா? ஆனால் அழுத்திய காற்று சூடாகும். சூடான கலவை, ப்ளக் வைத்த நெருப்பு பரவி வந்து சேரும் வரை காத்திராமல் அங்கங்கே தானாக வெடிக்கும். இதற்கு 'நாக்கிங்' என்று பெயர். தகர டப்பாவில் கூழாங்கல்லைக் குலுக்கிய மாதிரி சத்தம். விசைத்தறிக்கு நடுவே வளர்ந்த காதுக்கு இது எட்டாமல் போகாது. கண்டுகொள்ளாமல் மிதித்தால் பிஸ்டனில் ஓட்டை விழும்.

அமெரிக்காவில் 1962-ல் ஓல்ட்ஸ்மொபீல் கம்பெனி 'ஜெட்ஃபயர்' என்று ஒரு டர்போ கார் விட்டது. நாக்கிங்கைத் தடுக்க டிஸ்டில்டு வாட்டரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனி டாங்கில் ஊற்றிக்கொண்டே இருக்கவேண்டும். நம் ஜனங்களைப் போலவே அமெரிக்கர்களும் ஊற்ற மறந்தார்கள். கடைசியில் கம்பெனியே பல கார்களில் டர்போவைக் கழற்றிவிட்டு சாதா கார்புரேட்டர் மாட்டிக் கொடுத்தது.

ஆகவே, தம்பி, கிட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு கம்ப்ரெஷன் டெஸ்ட். எஞ்சினைச் சூடாக்கி, நாலு ப்ளக்கையும் கழற்றி, ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு செல்ஃப் அடித்து, ஒவ்வொரு சிலிண்டரிலும் கேஜ் காட்டுவதைக் குறித்துக்கொள்ளவும். நாலுக்குள் வித்தியாசம் பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஒன்று மட்டும் குறைந்தால் அதில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பார்க்கவும். ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு, அல்லது ஹெட் கேஸ்கெட். போனஸில் பாதி அங்கேயே போய்விடும், பரவாயில்லை. கிழவருக்கு ஓட்டப்பந்தயம் வைக்கும் முன் ஈ.ஸி.ஜி. எடுக்க மாட்டோமா?

அடுத்தது ஆயில். டர்போ அச்சு நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும், அதுவும் மெல்லிய ஆயில் படலத்தின் மேல். டர்போவிலிருந்து ஆயில் தானாக வழிந்து திரும்பிவர ஆயில் சேம்பரில் ஒரு துளை வேண்டும். சேம்பரைக் கழற்றித்தான் துளை போட வேண்டும். 'எதுக்கு ஸார், இப்படியே போட்டுடலாம்' என்று மெக்கானிக் சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். இரும்புத் துகள் உள்ளே விழுந்தால் பேரிங் காலி. ஓட்டி வந்ததும் டக்கென்று ஆஃப் பண்ணாமல் ஒரு நிமிஷம் ஐடிலில் விடும் பழக்கமும் வேண்டும். எந்த லாரி டிரைவரைக் கேட்டாலும் சொல்வார்.

ரேடியேட்டர், கிளட்ச், முக்கியமாக பிரேக், இவை சொல்லாமலே தெரியும். காற்று கூடிய விஷயம் ஸென்னின் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அதனால் பெரிய இன்ஜெக்டர் போட்டு, பெட்ரோல் கணக்கையும் பொறி விழும் நேரத்தையும் மாற்றி எழுதவேண்டும். இதைச் செய்யத் தெரிந்தவர் கிடைக்காவிட்டால் கிட் பெட்டியைப் பிரிக்கவே வேண்டாம்.

இனி வில்லன். 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட், கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றினால் பதிவுக்குச் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. அதே வருஷம் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, அனுமதியில்லாத மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஐயாயிரம் அபராதம், அல்லது இரண்டுமே. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் கையை விரிக்கவும் இடமிருக்கிறது. உங்கள் ஸென் பதினைந்து வயதைத் தாண்டியது. ஐந்து வருஷத்துக்கொரு முறை ஆர்.சி. புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆபீஸில் கொண்டுபோய்க் காட்டவேண்டும். பானெட்டைத் திறந்ததும் இன்ஸ்பெக்டர் 'இது என்னப்பா நத்தை?' என்பார்.

வேகம்தான் வேண்டுமென்றால் அதற்கென்றே இடம் இருக்கிறது. உங்கள் மாவட்டத்துச் சோழவரத்தில், யுத்த கால விமான ஓடுதளத்தில், பல வருஷம் ரேஸ் நடந்தது. பிறகு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டைக்குப் போய்விட்டது. ட்ராக்குக்கு மட்டும் என்று ஒரு கார் வைத்துக்கொண்டு, ரோட்டில் ஓட்டாமல் வண்டியில் ஏற்றிப் போய், ட்ராக் டே அன்று ஆசை தீர மிதிக்கலாம். ஹெல்மெட் எடுத்துப்போகவும். காருக்குள் ஹெல்மெட்டா என்று சோளிங்கர் ரோட்டில் சிரிப்பார்கள். அங்கே சிரிக்க மாட்டார்கள்.