ஹரிக்கேன் விளக்கின் வெளிச்சத்தில்



கல்கத்தாவில் தூர்தர்ஷன் ஒளிபரப்பு 1975 ஆகஸ்ட் 9-ஆம் நாள் தொடங்கியது. நாங்கள் குடியிருந்த எண்டாலிச் சந்துக்கு அது வந்து சேரச் சில ஆண்டுகள் ஆயின. மாடிவீட்டு வங்காள அம்மையார் (மாசிமா என்றே அழைப்போம்) ஒரு கறுப்பு வெள்ளைப் பெட்டி வாங்கினார். மரப்பேழையில் அமைந்த அதற்கு மடக்குக் கதவும் பூட்டும் உண்டு. காற்றடித்தால் ஆண்டெனா திரும்பிவிடும். திரையெங்கும் புள்ளிகள் பொழியும். ஒருவன் மொட்டைமாடியில் ஏறி அதைத் திருப்ப, மற்றவர்கள் கீழிருந்து கூவுவோம்.

என் தகப்பனார் ஒரு சிறிய தமிழ்ச் சபையின் போதகர். அந்நாளைய பெந்தெகொஸ்தே ஊழியர் பலரைப் போல, சங்கீதம் 101:3-ஐச் சுட்டிக்காட்டி, அப்பெட்டி விசுவாசியின் வீட்டிற்கு ஆகாது என்று போதித்தார். அவருடைய கண்டிப்பு முழுவதும் தவறென்று இன்றும் நான் எண்ணவில்லை. ஆனால் ஞாயிறு மாலையில் இந்தித் திரைப்படம். எங்கள் சுவிசேஷக் கூட்டமும் அதே வேளையில்தான். 1982-ல் ஆசிய விளையாட்டுகளையொட்டி வண்ண ஒளிபரப்பு வந்தது. பிறகு வாடகை வீடியோ வந்தது. எங்கள் பாய்களில் இடம் மிகுந்துகொண்டே போயிற்று.

அக்காலத்தில் ஒரு ஞாயிறன்று, வயிற்றுவலி என்று பொய் சொல்லிவிட்டு மாசிமா வீட்டிற்கு ஓடினேன். படம் பாதியில் இருக்கையில் லோட்ஷெடிங். அந்த ஆண்டுகளின் கல்கத்தாவில் வாழ்ந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. இருட்டில் எங்கள் வீட்டில் தனித்திருக்க அஞ்சி, ஜெபவீட்டிற்கே போனேன். ஹரிக்கேன் விளக்கைப் பிரசங்க மேடைமேல் வைத்து, என் தாயாருக்கும் நான்கு மூதாட்டிகளுக்கும் அப்பா பிரசங்கித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நிறுத்தினார். "வலியோடு வந்திருக்கிறாயே, ஐயா" என்று அருகழைத்து, என் வயிற்றின்மேல் கைவைத்து ஜெபித்தார். மூதாட்டிகள் கண்ணீரோடு சேர்ந்து ஜெபித்தார்கள். நானும் "ஆமென்" என்றேன்.

அவர் மரிக்கும்வரை அதை நான் அறிக்கையிடவில்லை.

2020-ல் ஊரடங்கு வந்தபோது, அதே மேடைமேல் கைப்பேசியைச் சாய்த்துவைத்து நான் பிரசங்கித்தேன். விசுவாசிகளின் முகங்களுக்குப் பதிலாக ஓர் எண் மட்டும் தெரிந்தது. மே 20 அன்று ஆம்பன் புயல் அடித்தது; எங்கள் பகுதியில் பல நாட்கள் மின்சாரம் இல்லை. மே 24 ஞாயிறு மாலை மெழுகுவர்த்தி ஏற்றி, என் மனைவியும் நானும் மட்டுமாக ஆராதித்தோம். ஜெபித்து முடித்தபின், அந்த வயிற்றுவலியைப் பற்றி அவளிடம் முதன்முதலாகச் சொன்னேன்.