தடை ஏட்டில், கெளுத்தி ஏரியில்!

பெங்களூர் மீன் கடைகளில் தொட்டித் தண்ணீரில் உயிரோடு நெளிகிற, மீசை முளைத்த, கறுத்த பெரிய மீனை வாசகர்கள் பார்த்திருக்கக்கூடும். நாட்டுக் கெளுத்தி என்று சொல்லித்தான் எடை போடுவார்கள். பெரும்பாலும் அது ஆப்பிரிக்கக் கெளுத்தி. அதை வளர்க்கக் கூடாது, இருப்பதையும் அழிக்க வேண்டும் என்று மத்திய சர்க்கார் உத்தரவிட்டது 1997-ஆம் ஆண்டில்! கால் நூற்றாண்டு கடந்தும் மீன் குறையவில்லை.

இந்த மீன் எதையும் தின்னும். மற்ற மீன்களின் குஞ்சு, தவளை, இறைச்சிக் கழிவு எதுவும் மிச்சமில்லை. தண்ணீர் கெட்டால் மேலே வந்து காற்றைச் சுவாசிக்கும். மழை நாளில் ஈரத் தரையில் ஊர்ந்தே அடுத்த குட்டைக்குப் போய்விடும். கோழிக் கழிவைப் போட்டுக் குழியில் வளர்ப்பவருக்குச் செலவு குறைவு. ஒரு பெருமழையில் குழி உடைந்தால் மீன் ஏரியில்.

'வந்தேறி' என்ற சொல்லை மீனுக்குச் சொல்லக்கூட பெங்களூர்த் தமிழனுக்கு நா கூசும். அந்த மீன் தானாக வரவும் இல்லை. கொசுவை ஒழிக்க 1928-இல் இத்தாலியிலிருந்து காம்பூசியாவைக் கொண்டுவந்தார்கள். ஏழைகளுக்கு மலிவான மீன் வேண்டுமென்று 1952-இல் திலேப்பியாவைக் கொண்டுவந்தார்கள். அதுதான் நம் 'ஜிலேபி'. நல்ல எண்ணந்தான். ஜிலேபி இன்று ஏழை வீட்டுக் குழம்பில் இருக்கிறது, அதை இனி ஒழிக்கவும் முடியாது. ஆனால் காம்பூசியா விஷயம் வேறு. கொசுப் புழுவோடு மற்ற மீன்களின் குஞ்சையும் தவளைக் குஞ்சையும் அது தின்கிறது. தலையில் வெள்ளைப் பொட்டுடன் நீர்ப்பரப்பில் திரியும் நம் ஊர்ச் சிறு மீனே கொசுப் புழுவைத் தின்னும்போது, அதை ஏன் இன்னும் விடவேண்டும்?

மீனை மட்டும் திட்டிப் பயனில்லை. 2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. சாக்கடை கலந்த நீரில் பிராணவாயு இல்லை. அப்படிப்பட்ட நீரில் கெண்டை சாகும், காற்றைக் குடிக்கும் கெளுத்தி பிழைக்கும். சாக்கடையைத் திறந்துவிட்டவர்கள்தான் அதற்கு வீடு கட்டிக் கொடுத்தவர்கள்.

இது பெங்களூரோடு முடியும் சங்கதியும் அல்ல. அல்சூரின் உபரி நீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாகத் தென்பெண்ணையில் சேர்ந்து, ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்குப் போகிறது. இங்கே விட்ட மீனை எல்லைச் சாவடியில் யாரும் நிறுத்தப் போவதில்லை.

அதிகாரிகள் சோதனை நடத்தட்டும். ஆனால் கூடையில் மீன் விற்கும் பெண்களிடம் அல்ல, குஞ்சு பொரித்து விற்பவர்களிடம் நடத்தட்டும். ஏரியைக் குத்தகைக்கு விடும்போது எந்த மீன் குஞ்சை விடலாம் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதட்டும். வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் வளர்த்துச் சலித்த 'டேங்க் கிளீனர்' மீனைப் புண்ணியம் என்று ஏரியில் விடுகிறவர்களும் கொஞ்சம் யோசிக்கலாம்.

நாட்டுக் கெளுத்தி அரைக் கிலோவைத் தாண்டுவதே அபூர்வம். மூன்று கிலோ மீனைக் காட்டி 'நாட்டு மீன்' என்று கடைக்காரர் சொன்னால், எந்தக் குட்டையில் பிடித்தது என்று கேளுங்கள்.