ஆன்டியாக்கில் எரிந்த தெருவும் நமது சூலை நினைவேந்தலும்

ஆண்டுதோறும் சூலை மாதத்தில் புலம்பெயர் தமிழர்களாகிய நாம் 1983ஆம் ஆண்டை நினைவுகூர்கின்றோம். வாக்காளர் பட்டியலைக் கையில் ஏந்திக் கொழும்புத் தெருக்களில் தமிழர் வீடுகளைத் தேடித் தேடி எரித்த காடையர் கூட்டத்தைப் பற்றி நம் பிள்ளைகளிடம் கூறுகின்றோம். கூறத்தான் வேண்டும். ஆனால் சான் ரமோன் அமைந்துள்ள இதே கான்ட்ரா கோஸ்டா கவுண்டியில், வீடு வீடாகச் சென்று ஒரு மக்களினத்தை விரட்டிய நிகழ்வு நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1876ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில், ஆன்டியாக் நகரின் வெள்ளையர் கூட்டமொன்று சீனர்களின் கதவுகளைத் தட்டிப் பிற்பகல் 3 மணிக்குள் ஊரை விட்டு வெளியேறுமாறு கட்டளையிட்டது. சீனப் பெண்களால் ஊர் இளைஞர்களுக்கு நோய் பரவியது என்பது குற்றச்சாட்டு. மறுநாள் இரவு அவர்களது குடியிருப்பு தீக்கிரையானது. ஞாயிறு மறைந்தபின் சீனர் தெருவில் நடக்கக் கூடாது என்ற தடையும் அந்நகரில் இருந்தது. ஆன்டியாக் நகர்மன்றம் இவற்றுக்காக மன்னிப்புக் கோரியது 2021இல். அதாவது 145 ஆண்டுகள் கழித்து. அதே ஆண்டில் சான் ஓசேயும், 2022இல் சான் பிரான்சிஸ்கோவும் தத்தம் பழிகளுக்காக மன்னிப்புக் கோரின.

இக்கும்பலுக்குத் துணிவு எங்கிருந்து வந்தது? கறுப்பினத்தவரும் பூர்வகுடி மக்களும் வெள்ளையருக்கு எதிராகச் சாட்சி சொல்லக் கூடாது என 1850இலேயே கலிபோர்னியா சட்டம் இயற்றியிருந்தது. சீனர் ஒருவரைக் கொன்ற வெள்ளையரின் வழக்கில், 1854ஆம் ஆண்டு மாநில உச்சநீதிமன்றம் அத்தடையைச் சீனருக்கும் விரித்துக் கொலையாளியின் தண்டனையை நீக்கியது. கறுப்பினத்தவர் மீதான தடை 1863இல் அகன்றது. சீனர் மேலும் பல ஆண்டுகள் காத்திருந்தனர். ஆன்டியாக் எரிந்தபோது, அவர்களது சொல்லுக்கு நீதிமன்றத்தில் இடம் கிடைத்துச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன.

இவ்வழி கலிபோர்னியாவுக்குப் புதிதன்று. ஒகாயோ அடிமை முறையற்ற மாநிலம். ஆயினும் அங்கு குடியேறும் கறுப்பினத்தவர் 500 டாலருக்குப் பிணை காட்ட வேண்டும், வெள்ளையருக்கு எதிராகச் சாட்சி சொல்லக் கூடாது என 1807ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. ஏட்டில் உறங்கிய பிணை விதியை 1829இல் சின்சினாட்டி நகர அதிகாரிகள் தூசு தட்டி எடுத்து, முப்பது நாள் கெடு விதித்தனர். பின்னர் கும்பல் புகுந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நகரை விட்டு வெளியேறினர். அவர்களுள் ஒரு பகுதியினர் கனடாவில் வில்பர்போர்சு என்னும் குடியேற்றத்தை அமைத்தனர்.

1841 செப்டம்பரில் அதே நகரில் கும்பல் பீரங்கியையே இழுத்து வந்து சுட்டது. கறுப்பின மக்கள் திருப்பிச் சுட்டுத் தம்மைக் காத்தனர். அதிகாரிகள் செய்தது என்ன தெரியுமா? பாதுகாப்பு என்ற பெயரில் கறுப்பின ஆடவரைச் சிறையிலிட்டனர். காவலற்று நின்ற வீடுகளுக்குள் கும்பல் அன்றிரவே மீண்டும் புகுந்தது. அந்நாளில் தன் அண்ணனை எச்சரிப்பதற்காக நகருக்குள் ஓடிய 11 வயதுச் சிறுவன் சான் மெர்சர் லாங்சுடன் பிற்காலத்தில் வழக்கறிஞரானார். ஆவார்டு பல்கலைக்கழகச் சட்டத்துறையின் தலைவரானார். வர்சீனியாவிலிருந்து நாடாளுமன்றத்துக்குச் சென்ற முதல் கறுப்பினத்தவரும் அவரே. நம் இளையோர் தேடிப் படிக்க வேண்டிய வாழ்வு அது.

சாட்சியை முன்கூட்டியே அகற்றும் இவ்வேலையை ஈழத்தமிழர் நன்கறிவர். 1983 சூனில், அதாவது கலவரத்துக்கு முந்தைய மாதத்தில், இறந்தோரின் உடல்களை மரண விசாரணையின்றியே அகற்றப் படையினருக்கு இடமளிக்கும் 15ஏ என்னும் அவசரகால விதியை இலங்கை அரசு கொண்டு வந்தது.

"இவையெல்லாம் நமக்கு எதற்கு?" எனக் கேட்கும் பெற்றோர் உளர். நம் விருந்துகளில் கறுப்பினத்தவரைப் பற்றி உதிர்க்கப்படும் சொற்களைப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டுதான் இருக்கின்றனர். அண்டை வீட்டாரின் சாம்பலைப் பொருட்படுத்தாத நாம், நம் சாம்பலுக்காக அவர்களிடம் எவ்வாறு ஆதரவு கேட்பது?

எனவே ஒரு வேண்டுகோள். வரும் சூலை நினைவேந்தலில், கொழும்பு பற்றிய உரைக்கு முன்பாக, உயர்நிலைப் பள்ளி மாணவர் இருவர் ஆன்டியாக் குறித்தும் சின்சினாட்டி குறித்தும் பத்து நிமிடம் தமிழில் பேசட்டும். ஆன்டியாக்கிலிருந்து சீன அமெரிக்கர்களையும், நம் நகரின் கறுப்பினக் குடும்பங்களையும் முன்வரிசைக்கு அழைப்போம். ஆங்கில மொழிபெயர்ப்பைத் திரையில் காட்டும் பொறுப்பை நம் கணினித் தொண்டர்கள் ஏற்றுக்கொள்ளலாம்.