மூன்றாவது துப்பாக்கியும் முதல் துப்பாக்கியும்

ஒருவர் எத்தனை துப்பாக்கி வைத்திருக்கலாம்? 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் பிறந்தபோது இந்தக் கேள்விக்குப் பதிலே இல்லை. லைசென்ஸ் கிடைத்தவர் வாங்கி அடுக்கிக் கொண்டே போகலாம். 1983-இல் வந்த திருத்தம் மூன்று என்று கோடு கிழித்தது. 2019 நவம்பரில் மக்களவைக்கு வந்த மசோதாவோ, மூன்றை ஒன்றாக்க வேண்டும் என்றது. உடனே எழுந்தது கூக்குரல்! பாட்டனார் வேட்டையாடிய துப்பாக்கி, முப்பாட்டனாருக்கு மகாராஜா கொடுத்த துப்பாக்கி, குலப் பெருமை, குடும்பச் சொத்து என்று வடக்கே பெரிய வீடுகளெல்லாம் அலறின. சர்க்கார் இறங்கி வந்தது. ஒன்று இரண்டாயிற்று. 2019 டிசம்பர் 14 முதல் அதுவே நாட்டின் சட்டம்.

பரம்பரையாக வந்தது என்றாலும் இரண்டுதான். மூன்றாவதை ஓராண்டுக்குள் போலீஸ் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட வேண்டும். அங்கீகாரம் பெற்ற துப்பாக்கி சுடும் சங்கங்களின் வீரர்களுக்குத் தனிச் சலுகை உண்டு. சுடவே முடியாதபடி பழுதாகிப்போன பழங்காலத் துப்பாக்கியைச் சுவரில் மாட்டி அழகு பார்க்க விரும்புகிறவரை மூலச் சட்டத்தின் 45-ஆவது பிரிவே விட்டுவிடுகிறது. ஆக, துப்பாக்கி சேகரிக்கும் சீமான்களுக்குப் பெரிய நஷ்டம் ஏதுமில்லை. (சேகரிப்பவரையும் கலெக்டர் என்கிறார்கள், லைசென்ஸ் கொடுப்பவரையும் கலெக்டர் என்கிறார்கள். ஆங்கிலத்தின் வறுமையைப் பாருங்கள்!)

வெளிநாட்டைக் காட்டி முறையிடுகிறவர்களும் உண்டு. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலம் 1993-இல் ஒரு சட்டம் போட்டது: ஒருவர் மாதத்துக்கு ஒரு கைத்துப்பாக்கிக்கு மேல் வாங்கக் கூடாது. 2012-இல் அதை எடுத்தார்கள். 2020-இல் மீண்டும் கொண்டு வந்தார்கள். மாதத்துக்கு ஒன்று என்பதே அங்கே கட்டுப்பாடு என்றால், ஆண்டுக்குப் பன்னிரண்டு! அந்த நாட்டுப் பள்ளிக்கூடங்களில் குழந்தைகள் சுடப்பட்டுச் சாகிற செய்தியைப் படித்தவர் எவரும் இந்த நாட்டுக்கு அந்த வழி வேண்டுமென்று கேட்க மாட்டார். இரண்டு என்ற வரம்பை நாம் வரவேற்கிறோம். ஒன்று என்றிருந்தாலும் வரவேற்றிருப்போம்.

ஆனால் தோழர்களே, இதே திருத்தச் சட்டத்துக்கு இன்னொரு முகம் இருக்கிறது. அதைப் பற்றி எந்தப் பெரிய வீடும் அலறவில்லை. ஏனென்றால் அது குடிசைப் பக்கம் திரும்பிய முகம்.

லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் முன்பு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. 2019 திருத்தம் அதை இரண்டாண்டு முதல் ஐந்தாண்டு வரை என்று உயர்த்திவிட்டது. தனிக் காரணத்தை எழுதி வைத்து நீதிபதி குறைத்தால்தான் உண்டு. மூன்றாவது துப்பாக்கி வைத்திருந்தவருக்கு ஓராண்டு தவணை. அப்பன் விட்டுப்போன ஒரே ஒரு நாட்டுத் துப்பாக்கியைப் பரணில் வைத்திருந்தவனுக்கு? அவனுக்கு ஒரு நாள் தவணையும் சட்டத்தில் எழுதப்படவில்லை. நேராகக் கைவிலங்கு!

தேனி மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு இது ஏட்டுப் பேச்சல்ல. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், அந்தப் பக்கம் வருசநாடு என்று மலையடியில் உள்ள காடுகரையெல்லாம் பன்றிக்குப் பயந்தே பயிர் வைக்கிறது. நிலக்கடலையை ஒரே இரவில் உழுதுவிட்டுப் போகிறது காட்டுப் பன்றி. வாழையையும் தென்னையையும் யானை சாய்க்கிறது. 2023 மே மாதக் கடைசியில் அரிக்கொம்பன் கம்பம் நகரத் தெருவுக்குள்ளேயே நடந்து வந்தான். ஊருக்குத் தடையுத்தரவு போட்டார்கள். ஓர் உயிரும் போயிற்று. ஜூன் 5-ஆம் தேதி அவனைப் பிடித்துக் கொண்டுபோன பிறகுதான் ஊர் மூச்சு விட்டது. அந்த யானையைத் துப்பாக்கியால் விரட்டியிருக்கலாம் என்று நாம் சொல்லவில்லை. மலையடியில் பாடுபடுகிறவன் எந்த நிலைமையில் இரவைக் கழிக்கிறான் என்பதற்குச் சொல்கிறோம்.

அவனை ஆயுதச் சட்டம் மறந்துவிடவில்லை என்பதுதான் வேடிக்கை. 13-ஆவது பிரிவைப் படியுங்கள். உண்மையான பயிர்க் காவலுக்காகக் குழல் வாய் வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி கேட்கிற குடிமகனுக்கு லைசென்ஸ் வழங்கப்பட வேண்டும் என்று அது சொல்கிறது. மறுக்கத் தக்க காரணங்களை 14-ஆவது பிரிவு தனியே வகுக்கிறது. அதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: போதுமான சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக எவருக்கும் லைசென்ஸ் மறுக்கக் கூடாது! சொத்தில்லாதவனுக்கும் உரிமை உண்டு என்று எழுதிய ஷரத்து நம் சட்டப் புத்தகங்களில் எத்தனை உண்டு? இருக்கிற ஒன்றையும் ஏழை அறியாமலே இருக்கிறான். போலீஸ் விசாரணை, ஊர் விசாரணை, பயிற்சிச் சான்று, கட்டணம், கலெக்டர் ஆபீசுக்கு நடை என்று கூலியை இழந்து அலைய அவனால் முடியுமா? எஸ்டேட் முதலாளிக்கு அலைவதற்கு ஆள் இருக்கிறது.

நன்னடத்தை விசாரணை என்றாலே இந்தப் பக்கத்துப் பெரியவர்களுக்குப் பழைய நினைவு வரும். ஒரு சாதியில் பிறந்த குற்றத்துக்காகக் கைரேகை வைக்கச் சொன்ன சர்க்கார் இங்கே இருந்தது. அதை எதிர்த்ததற்காக உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி மக்களைச் சுட்டு வீழ்த்தியது. 1878-இல் லிட்டன் பிரபு கொண்டு வந்த ஆயுதச் சட்டமும் அதே கையின் வேலைதான்: இந்தியனுக்கு லைசென்ஸ், வெள்ளைக்காரனுக்கு விலக்கு. 1931-இல் கராச்சியில் கூடிய காங்கிரஸ் தன் அடிப்படை உரிமைத் தீர்மானத்தில், ஒழுங்குவிதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையையும் சேர்த்தது அந்த அவமானத்தால்தான். நிறத்தைப் பார்த்த சட்டம் போயிற்று. மடியைப் பார்க்கிற வழக்கம் போகவில்லை. 2014-இல் கான்பூர் தொழிற்சாலை பெண்களின் தற்காப்புக்கென்று ஒரு ரிவால்வர் செய்தது. விலை 1,22,000 ரூபாய்க்கு மேல். நாற்று நடுகிற எந்தப் பெண் அதை வாங்குவாள்?

லைசென்ஸ் கிடைத்தாலும் பன்றியைச் சுட முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கிறது. பயிர்க் காவல் துப்பாக்கி வெடிச் சத்தத்தால் விரட்டுவதற்கே. கேரளம் 2022-இல் பஞ்சாயத்துத் தலைவர்களுக்கே அனுமதி கொடுக்கும் அதிகாரத்தை வழங்கி, லைசென்ஸ் உள்ளவர்களைக் கொண்டு பன்றியைச் சுட வழி செய்தது. குமுளி மலைக்கு அந்தப் பக்கம் ஒரு முறை, இந்தப் பக்கம் வேறு முறை. தமிழகத்தில் 2025 ஜனவரியில் வந்த உத்தரவின்படி காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால்தான் சுடலாம், அதுவும் வனத்துறையினர்தான். காட்டை ஒட்டியே கொல்லை வைத்திருப்பவன் என்ன செய்வான்? கள்ள மின்வேலி போடுகிறான். அவுட்டுக்காய் வைக்கிறான். பன்றியோடு மனிதனும் சாகிறான், யானையும் சாகிறது. அதை நாம் ஆதரிக்கவில்லை. வழியை அடைத்துவிட்டுக் குறுக்கு வழியில் போனான் என்று குற்றம் சாட்டுவதைத்தான் கேட்கிறோம்.

நாட்டுத் துப்பாக்கியைத் தாமாக ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று சில மாவட்டங்களில் போலீசார் அவ்வப்போது அறிவிக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அது அதிகாரியின் தயவு. அடுத்த அதிகாரி வந்தால் மாறும். மூன்றாவது துப்பாக்கிக்காரருக்குப் பாராளுமன்றமே ஓராண்டு கொடுத்ததே, முதல் துப்பாக்கிக்காரனுக்கும் அதே ஓராண்டைச் சட்டத்திலேயே எழுதட்டும். ஒப்படைத்தவன் மலையடி விவசாயியாக இருந்தால் அவனுடைய பயிர்க் காவல் மனுவை அந்த இடத்திலேயே வாங்கட்டும்.

மனுப் போட்டு மறுக்கப்பட்ட தோழர்கள் வாய்மொழிப் பதிலோடு திரும்ப வேண்டாம். மறுப்பதற்கான காரணத்தை எழுதி வைக்க வேண்டியது லைசென்ஸ் அதிகாரியின் கடமை. கேட்டால், பொதுநலனுக்கு ஊறு என்று அவர் கருதினாலொழிய, அந்தக் காரணத்தின் சுருக்கத்தைக் கொடுக்க வேண்டும். அந்தத் தாளை வைத்துக் கொண்டு 18-ஆவது பிரிவின்படி அப்பீல் செய்யலாம். கிளைச் செயலாளர்கள் அந்த மனுக்களை எழுதிக் கொடுக்கும் வேலையை இந்த மாதமே தொடங்க வேண்டும்.